சிசிடிவியில் பதிவான தீக்கோளம்: எதுவரை எடிட் செய்யலாம்?

பொருநைக்கரை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. தெருமுனைக் கடை ஒன்றின் சிசிடிவியில் இரவு வானத்தில் ஒரு தீக்கோளம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. படத்தின் வலது மேல்மூலையில் தொடங்கி இடப்பக்கம் சரிந்து, கடைசியில் இரண்டாகப் பிளந்து அணைகிறது. 2 மெகாபிக்சல் கேமரா, வினாடிக்கு 25 ஃபிரேம், மைக் உண்டு. டி.வி.ஆர். (பதிவைச் சேமிக்கும் பெட்டி) ஒரு வாரத்துப் பதிவைத்தான் வைத்திருக்கும், அதன்பின் மேலேயே எழுதிவிடும்.

யூடியூபுக்காக ஒரு தம்பி இதைச் செய்து கொடுத்திருக்கிறான்: வானத்தை மட்டும் கிராப் செய்து பெரிதாக்கல், 25 சதவீத வேகத்தில் ஸ்லோ மோஷன், ஏஐ கொண்டு 4கே ஆக்கல், படத்தில் இருக்கும் புள்ளி இரைச்சல் நீக்கம், ஷார்ப்பன், நிறம் கூட்டல், சிவப்பு வட்டம், பின்னணி இசை. மூலையில் இருந்த தேதி நேரத்தையும் அழித்துவிட்டான், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

கடை மானிட்டரில் அசலைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. எடிட் செய்ததைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் "இது ஏஐ" என்கிறார்கள். இது வெறும் மனச் சந்தேகமா, இல்லை எடிட்டில் உண்மையிலேயே ஏதாவது போய்விடுகிறதா? எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

---

வானளப்பு

போகிறது. அதுவும் எது போகக்கூடாதோ அதுவே முதலில் போகிறது.

தீக்கோள வீடியோவில் மதிப்புள்ளவை நாலு: எத்தனை வினாடி எரிந்தது, வானில் எந்தத் திசையில் எத்தனை பாகை கடந்தது, எப்படி உடைந்தது, சத்தம் வந்ததா, வந்தால் எவ்வளவு நேரம் கழித்து.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். விண்வெளியிலிருந்து வரும் எரிகல் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழையும். பெரும்பாலானவை சில வினாடிகளில் எரிந்து முடிந்துவிடும். சுற்றுப்பாதையிலிருந்து விழும் ராக்கெட் பாகம் வினாடிக்கு 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் வருவதால் வானத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட எடுக்கும், துண்டுகள் ரயில் பெட்டி போல வரிசையாகத் தெரியும். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மக்கள் படம் பிடித்தது இந்த வகை. சீனாவின் லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் பாகம் அது, சந்திரபூர் மாவட்டத்தில் உலோக வளையமும் உருண்டையும் விழுந்து கிடந்தன. அன்றைக்குப் பலர் விண்கல் என்றுதான் நினைத்தார்கள். வேகத்தை மாற்றாத வீடியோவைப் பார்த்தால் எரிகல் இல்லை என்று சொல்வது சுலபம்.

இப்போது உங்கள் தம்பி செய்ததைப் பாருங்கள். 4 வினாடி எரிகல் 25 சதவீத வேகத்தில் 16 வினாடி ஆகிறது. பார்ப்பவர் "இவ்வளவு மெதுவாகப் போகிறதே, ராக்கெட்டாக இருக்கும்" என்பார், இல்லாவிட்டால் பொய் என்பார். 60 வினாடி ராக்கெட் பாகத்தை 8 மடங்கு வேகமாக்கினால் ஏழரை வினாடி எரிகல் கிடைத்துவிடும். வேகம் எவ்வளவு என்று திரையில் எழுதாத ஸ்லோ மோஷன், அளக்கிறவனுக்கு எதற்கும் உதவாது.

அடுத்தது கிராப். எல்லாரும் வானத்தை வைத்துக்கொண்டு தரையை வெட்டி எறிகிறார்கள். தலைகீழ் வேலை இது! பிரகாசமான தீக்கோளம் தெருவில் நிழல் போடும். அது இடப்பக்கம் போகப் போக மின்கம்பத்தின் நிழல் வலப்பக்கம் சுழலும். வானத்தில் ஒரு பொட்டை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், தெருவில் இருக்கும் ஒவ்வொரு கம்பத்துக்கும் வண்டிக்கும் சரியான நிழலைப் போலியாகச் செய்வது பெரிய வேலை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகே வெடித்த எரிகல்லின் பாதையைக் கொலம்பியாவைச் சேர்ந்த வானியலாளர்கள் சில நாட்களிலேயே தோராயமாகக் கணக்கிட்டார்கள். அதற்குக் கைகொடுத்தது ஊர்ச் சதுக்கத்து கேமராவில் பதிவான விளக்குக் கம்பங்களின் நிழல்தான். அந்த கேமராவில் எரிகல் படத்துக்குள் வரவேண்டிய அவசியம்கூட இல்லை.

கிராப் செய்வதில் இன்னொரு சிக்கல். அகலக் கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். அந்த வளைவைத் திருத்த லென்ஸின் மையம் படத்தில் எங்கே விழுகிறது என்று தெரியவேண்டும். முழு ஃபிரேமில் அது ஏறக்குறைய நடுவில் இருக்கும். வெட்டிய பிறகு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாகச் சத்தம். செல்யாபின்ஸ்க் எரிகல் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலுக்கு ஓடியவர்கள் மேல் இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடி உடைந்தது. காயம்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலோர் கண்ணாடியால்தான். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 வினாடி என்று வகுத்தால் தூரம் கிடைக்கும். 100 கிலோமீட்டர் என்றால் 5 நிமிடம். ஆகவே வெளிச்சம் அணைந்ததும் கிளிப்பை வெட்டாதீர்கள். முன்னால் 2 நிமிடம், பின்னால் குறைந்தது 7 நிமிடம் வேண்டும், ஆடியோவோடு. "டும்" என்று ஒலி போட்டு வெளிச்சம் தெரிந்த அதே நொடியில் வெடிக்க வைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல. அந்த ஒரு ஒலியே போதும், மீதி வீடியோவை யாரும் நம்பமாட்டார்கள்.

---

பிட்ரேட் பாண்டி

மேலே சொன்னது அளவைப் பத்தி. பாதிப் பேர் ஏன் "ஏஐ"னு சொன்னாங்கன்னா அதுக்குக் காரணம் வேற, அது பிக்சல்ல இருக்கு.

ராத்திரி சிசிடிவி படம் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். புள்ளிப்புள்ளியா இரைச்சல், இருட்டுல கட்டம் கட்டமா சிதைவு, வெளிச்சம் திடீர்னு கூடினா எக்ஸ்போஷர் தடுமாறி ஒரு கணம் படமே வெளுத்துப்போறது. சாதாரண ஆளுக்கு இதெல்லாம் பேர் தெரியாது, ஆனா கண்ணு எதிர்பார்க்கும். ஏஐ அப்ஸ்கேல் பண்ணினா முதல்ல துடைக்கிறது இதைத்தான். மிச்சம் மெழுகு பூசின மாதிரி ஒரு வழவழப்பு. ஏஐயில் முழுசா உருவாக்கின வீடியோவுக்கும் அதே வழவழப்புதான். அப்புறம் பார்க்கிறவங்க எதை வச்சுப் பிரிச்சுப் பார்ப்பாங்க?

ஒவ்வொண்ணா சொல்றேன்.

அப்ஸ்கேல் (படத்தைப் பெரிசாக்கறது): உங்க அசல்ல தீக்கோளம் 6, 7 பிக்சல் அகலம் இருந்தாலே பெரிசு. 4கே ஆக்கும்போது மென்பொருள் நடுவுல இருக்கிறதைக் கற்பனை பண்ணி நிரப்புது. அதுக்குப் பழக்கமான உருவம் எதுவோ அது வரும். சுடர், வால், சில நேரம் ஜன்னல் மாதிரி வரிசைப் புள்ளி. "இரண்டாகப் பிளந்தது"ன்னு சொல்றீங்களே, அது அசல் பிக்சல்லயே தெரியுதா, அப்ஸ்கேல்ல மட்டும் தெரியுதான்னு முதல்ல பாருங்க.

ஃபிரேம் இடைச்செருகல் (ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல புதுசா ஃபிரேம் உருவாக்கறது): 25 சதவீத வேகம் வழுவழுன்னு ஓடுதுன்னா, தம்பி இதையும் போட்டிருப்பார். 25 ஃபிரேமை 100 ஆக்கினா நாலுல மூணு ஃபிரேம் கேமரா பார்க்காதது. வினாடிக்கு 20 கிலோமீட்டர் போற பொருள் ஒரு ஃபிரேமுக்கு 800 மீட்டர் நகருது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ரெண்டு துண்டு பிரியிற இடத்துல ஒண்ணு கரைஞ்சு இன்னொண்ணா முளைக்கிற மாதிரி காட்டும்.

இரைச்சல் நீக்கம்: இது பல ஃபிரேமைச் சராசரி எடுக்குது. ஒரே இடத்துல நிக்கிறது தெளியும், வேகமா ஓடற மங்கலான துண்டு காணாமப் போகும். சின்னத் துண்டுகள்தான் விண்கல் தேடறவங்களுக்கு முக்கியம். சிசிடிவி கேமராவே 3டி டி.என்.ஆர்.னு இதே மாதிரி இரைச்சல் நீக்கத்தை ஏற்கெனவே பண்ணியிருக்கும், வால் நீளமாத் தெரியறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். அதுக்கு மேல இன்னொரு தடவை வேண்டாம்.

ஷார்ப்பன்: பளிச்சுனு இருக்கிற பொருளைச் சுத்திக் கறுப்பு வளையம் விழும். "பாருங்க, பறக்கும் தட்டைச் சுத்தி ஒரு சக்தி வட்டம்"னு கிளம்புற பாதி வீடியோ இந்த வளையம்தான்.

நிறம்: வெள்ளைச் சமநிலையை மாத்தினா பச்சை நீலமாகும், ஆரஞ்சு சிவப்பாகும். சிசிடிவி நிறத்தை வச்சு வேதியியல் பேசறதே ஆபத்து, கூட்டின நிறத்தை வச்சுப் பேசறது அதைவிட.

தேதி நேரத்தை அழிச்சது எனக்குத் தாங்கலை. எழுத்து இருந்த இடத்துல மென்பொருள் வானத்தை வரைஞ்சிருக்கும். ஒரு மூலையில வரைஞ்சிருக்குன்னு தெரிஞ்சதும் மத்த மூலையை எவன் நம்புவான்?

போன்ல எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க எதுவும் தொடலைன்னாலும் போன் தொடும். 2023 மார்ச்சுல ஒருத்தர் வேணும்னே மங்கலாக்கின நிலாப் படத்தை மானிட்டர்ல போட்டு சாம்சங் போன்ல எடுத்தார், இல்லாத பள்ளங்களும் கோடுகளும் வந்துச்சு. ஏஐ மூலமா விவரத்தைக் கூட்டறோம்னு அந்த கம்பெனியே விளக்கம் கொடுத்துச்சு. வானத்தைப் படம் பிடிக்கிறப்ப சீன் மேம்படுத்தல், டிஜிட்டல் ஜூம், ஸ்டெபிலைசேஷன் எல்லாத்தையும் அணைச்சுடுங்க.

---

கட்டிங் மேஜை

இரண்டு பேரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையைப் பேசுவோம். 10 நிமிட அசல் சிசிடிவியைப் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். பார்க்காத வீடியோவை நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? தவிர, அசல் என்பதாலேயே உண்மை ஆகிவிடாது. சிசிடிவி கேமராவின் அகச்சிவப்பு விளக்கில் மாட்டும் பூச்சியும், லென்ஸ் முன்னால் ஆடும் சிலந்தி நூலும், வண்டி விளக்கின் பிரதிபலிப்பும் எந்த எடிட்டும் இல்லாமலே தீக்கோளமாகத் தெரியும்.

எடிட் என்பது குற்றம் கிடையாது. மறைக்கிற எடிட்தான் பிரச்சினை. இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் முழு ஃபிரேம், சரியான வேகம், அசல் ஒலி, தேதி நேரத்தோடு 20 வினாடி. இதில் ஒரு வெட்டுகூட வரக்கூடாது. தீக்கோளம் தோன்றுவதற்கு முன் குறைந்தது 8 வினாடி விடுங்கள், தெரு அமைதியாக இருப்பதைப் பார்ப்பவர் பார்க்கட்டும்.

அடுத்து அதையே மறுபடி, திரையில் "25 சதவீத வேகம், இடைச்செருகல் இல்லை" என்று எழுத்தோடு. எடிட்டிங் மென்பொருளில் இடையில் ஃபிரேம் உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோவையும் ஃபிரேம் கலப்பையும் அணைத்து, ஒவ்வொரு அசல் ஃபிரேமும் நான்கு முறை திரும்ப வரும்படி வையுங்கள். நடை விக்கி விக்கித்தான் இருக்கும், இருக்கட்டும்.

பெரிதாக்கிக் காட்டுவதென்றால் முழு ஃபிரேமையும் ஒரு ஓரத்தில் சின்னதாக வைத்து, எந்தப் பகுதி பெரிதாகிறது என்று கட்டம் போட்டுக் காட்டுங்கள். பெரிதாக்கும்போது நியரஸ்ட் நெய்பர் முறை (புதிதாக எதையும் கற்பனை செய்யாமல் அசல் பிக்சலையே பெரிதாக்குவது), பிக்சல் கட்டம் கட்டமாகத் தெரியும். வட்டமும் அம்புக்குறியும் பொருளின் மேல் படாமல் தள்ளி இருக்கவேண்டும், ஒரு வினாடி காட்டி எடுத்துவிடவேண்டும். முழு 10 நிமிட அசல் கோப்பின் இணைப்பு விவரப் பெட்டியில்.

இசை வேண்டுமென்றால் அறிமுக எழுத்து வரும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏஐ 4கே மட்டும் எங்கேயும் வேண்டாம். அதற்கு "இது ஏஐ" என்று எழுத்துப் போட்டாலும் யாராவது அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பரப்புவார்கள், எழுத்து போய்விடும்.

---

வானளப்பு

பூச்சி விஷயம் சரியான கேள்வி. அதைத் தீர்க்கவும் நீளமான அசல்தான் வேண்டும். பூச்சி என்றால் முன்னும் பின்னும் சில நிமிடங்களில் வேறு பூச்சிகளும் அதே மாதிரி கோடு போடும், பாதை வளையும், விளிம்பு மங்கும், தரை வெளிச்சம் மாறாது. வெட்டிய 5 வினாடியில் இது எதையும் சரிபார்க்க முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் நார்வே. அங்கே ஒரு பாராசூட் வீரரின் ஹெல்மெட் கேமராவில் பக்கத்திலேயே ஒரு கல் கடந்து போனது பதிவானது. 2012இல் எடுத்தது, 2014 ஏப்ரலில் வெளியே வந்தது. நடுவில் ஒரு குழு விண்கல் என்று நம்பிக் காட்டில் தேடிக்கொண்டிருந்தது. வெளியான சில நாட்களில் உலகம் முழுக்க ஆட்கள் ஃபிரேம் ஃபிரேமாகக் கணக்குப் போட்டு, பாராசூட் மடிக்கும்போது உள்ளே மாட்டிய சின்னக் கூழாங்கல் விரியும்போது தெறித்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கல்லின் அளவும் தூரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை: கிட்டே இருந்தால் சின்னது, தள்ளி இருந்தால் பெரியது. எது என்று சொல்ல ஃபிரேமுக்கு ஃபிரேம் எவ்வளவு நகர்ந்தது என்பதும், பாராசூட் எப்போது விரிந்தது என்பதும் தெரியவேண்டியிருந்தது. வேகத்தை மாற்றி, கல் வரும் இடத்தை மட்டும் கத்தரித்துப் போட்டிருந்தால் இன்றைக்கும் ஒரு கூட்டம் விண்கல் என்றும் இன்னொரு கூட்டம் கிராபிக்ஸ் என்றும் அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்சி போலி என்று யாரும் நிரூபிக்கவில்லை, காட்சி நிஜம்தான். விளக்கம்தான் மாறியது. அந்த இரண்டையும் பிரிக்க அசல் உதவியது.

---

பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. தரையைப் பார்த்தேன், கம்ப நிழல் நன்றாகவே சுழல்கிறது. தம்பி வெட்டி எறிந்த பாதியில்தான் இருக்கிறது. பிளவும் அசல் பிக்சலில் தெரிகிறது, கடைசி மூன்று ஃபிரேமில் இரண்டு தனித்தனிப் பொட்டு.

டி.வி.ஆரில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் டி.ஏ.வி., ஏ.வி.ஐ., எம்.பி.4 என்று மூன்று கேட்கிறது. எதை எடுப்பது? அனுப்புவது எப்படி? டி.வி.ஆர். கடிகாரம் சரியில்லை, சில நிமிடம் முந்தி ஓடுகிறது. அதைத் திருத்தலாமா?

---

பிட்ரேட் பாண்டி

கடிகாரத்தை இப்ப தொடாதீங்க. போன்ல இணைய நேரம் ஓடற ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து மானிட்டர் பக்கத்துல பிடிச்சு, இன்னொரு போன்ல ரெண்டும் ஒரே ஃபிரேம்ல தெரியற மாதிரி ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. வித்தியாசம் அதுல பதிவாயிடும். அடுத்த நாளும் ஒரு தடவை எடுத்தா கடிகாரம் ஒரு நாளுக்கு எவ்வளவு வினாடி விலகுதுன்னும் தெரியும். எக்ஸ்போர்ட் எல்லாம் முடிஞ்ச பிறகு திருத்திக்கலாம்.

எக்ஸ்போர்ட்: டி.ஏ.வி. முதல்ல. அதுதான் டி.வி.ஆர். எழுதின அசல் ஸ்ட்ரீம், கூடவே அதைத் திறக்கிற பிளேயரையும் காப்பி பண்ணிக்கோங்க. ஏ.வி.ஐ., எம்.பி.4 ரெண்டும் சில மாடல்ல கோப்பின் உறையை மட்டும் மாத்தும், சில மாடல்ல திரும்ப என்கோட் பண்ணும் (படத்தையே மறுபடி சுருக்கும்). ஃபிரேம் எண்ணிக்கையும் கோப்பின் அளவும் டி.ஏ.வி.யோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. அளவு பாதியா இருந்தா என்கோட் பண்ணியிருக்கு. மூணையும் எடுத்து வைக்கறதுல நட்டம் இல்லை. மானிட்டரைப் போன்ல படம் பிடிச்சு அதை "அசல்"னு போடறது மட்டும் வேண்டாம், திரையும் போனும் வேற வேற வேகத்துல ஓடறதால ஃபிரேம் கலங்கிடும்.

வெட்டணும்னா ஸ்ட்ரீம் காப்பி முறையில வெட்டுங்க, திரும்ப என்கோட் ஆகாது. அந்த முறையில கீ ஃபிரேம்லதான் (முழுப் படமா சேமிச்ச ஃபிரேம்) வெட்டு தொடங்கும், சிசிடிவியில அது ரெண்டு மூணு வினாடிக்கு ஒண்ணு இருக்கலாம். ஆரம்பம் கொஞ்சம் முன்னால தள்ளி வரும், அவ்வளவுதான்.

கோப்பு கையில வந்ததும் எஸ்.எச்.ஏ.-256 ஹாஷ் (கோப்போட கைரேகை மாதிரி ஒரு நீள எண்) எடுத்து, உங்க பதிவுலயே போட்டுடுங்க. விண்டோஸ்ல சர்ட்யூட்டில்னு கூடவே வர்ற கருவி போதும். ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிடும். ஆனா அது சொல்றது ஒண்ணுதான்: ஹாஷ் எடுத்த பிறகு கோப்பு மாறலை. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அது சொல்லாது, அதனால சீக்கிரம் எடுக்கணும். எதாவது விழுந்து சேதம், வழக்குன்னு போனா, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் (புது சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ்லயும் ஹாஷ் மதிப்பு கேட்பாங்க. டி.வி.ஆர். ஹார்ட் டிஸ்க்கையும் முடிஞ்சா மாத்திட்டு, பழையதை எடுத்து வச்சுடுங்க.

அனுப்பறது: வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே போகும். இல்லைன்னா டிரைவ் இணைப்பு. யூடியூப் எப்படியும் திரும்ப என்கோட் பண்ணும், அதனால அதை அசலா நினைக்க வேண்டாம்.

---

வானளப்பு

கேமராவை அசைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், துடைக்கக்கூட வேண்டாம். மேகமில்லாத இரவில் கேமராவுக்கு நேர் கீழே, லென்ஸுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கிருந்து, அதே கம்பமும் மொட்டைமாடி விளிம்பும் விண்மீன்களும் ஒன்றாக விழும்படி ஸ்டாண்டில் வைத்துப் படம் எடுங்கள். 10 வினாடி எக்ஸ்போஷர் போதும், எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் அந்த நேரத்தையும் இடத்தையும் கொடுத்தால் ஒவ்வொரு விண்மீனின் திசையும் உயரமும் கிடைக்கும், அதிலிருந்து கம்பத்தின் உச்சிக்கும் மாடி முனைக்கும் கணக்கு வரும். செல்யாபின்ஸ்கிலும் ஆய்வாளர்கள் கேமரா இருந்த இடங்களுக்குப் பிறகு போய் விண்மீன்களை எடுத்துத்தான் அளவைச் சரிசெய்தார்கள். நிலவோ வியாழனோ அந்த சிசிடிவி படத்துக்குள்ளேயே கடந்தால் இன்னும் நல்லது, அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள்.

கேமராவின் அட்சரேகை தீர்க்கரேகை ஐந்து தசம இடம் வரை, தரையிலிருந்து உயரம், கடிகார வித்தியாசம், அசல் கோப்பு. இவற்றோடு சர்வதேச எரிகல் அமைப்பின் இணையப் படிவத்தில் பதிந்துவிடுங்கள். பாதையைக் கண்டுபிடிக்க இன்னொரு ஊர்க் கேமராவும் வேண்டும், 50 கிலோமீட்டராவது தள்ளி இருந்தால் நல்லது. ஒவ்வொரு கேமராவும் அது பார்த்த பாதையும் சேர்ந்து ஒரு தட்டையான தளம் ஆகும், அந்த இரண்டு தளங்களும் வெட்டும் கோடுதான் பாதை, அதற்குக் கடிகாரங்கள் வினாடி சுத்தமாகப் பொருந்தவேண்டும் என்றில்லை. இரண்டும் அதே பொருள்தானா என்று உறுதி செய்யத்தான் நேரம் வேண்டும். பக்கத்து மாவட்டக் குழுக்களில் நேரத்தைச் சொல்லி, யாரிடமாவது பதிவு இருந்தால் வெட்டாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் டி.வி.ஆரும் ஒரு வாரத்தில் அழித்துவிடும்.